ஷட்டவுன் வேலைக்கு போறீங்களா தம்பி, "பண்ணியாச்சு"ன்னு யார் சொன்னாலும் அப்படியே நம்பிடாதீங்க

ஐடிஐ முடிச்சவங்க, டிப்ளமோ முடிச்சுட்டு வேல கெடைக்காம இருக்கவங்க, ஊர்ல காட்டு வேல இல்லாத மாசத்துல ஹெல்பரா கெளம்பறவங்கன்னு வருஷா வருஷம் நம்ம பசங்க நிறைய பேர் பவர் ப்ளான்ட், ஸ்டீல் ப்ளான்ட், ரிஃபைனரின்னு ஷட்டவுன் வேலைக்கு, அதாவது யூனிட்ட நிறுத்தி வச்சு பண்ற ரிப்பேர் வேலைக்கு, காண்ட்ராக்ட்ல போறீங்க. இருவது நாளோ முப்பது நாளோ, ராத்திரி பகலா ஓடற வேல. கேட்ல இண்டக்ஷன்னு ஒரு மணி நேரம் உக்கார வச்சு வீடியோ போடுவாங்க, பாதி இங்கிலீஷ் பாதி ஹிந்தி, கடைசில ஒரு கையெழுத்து, ஹெல்மெட், கேட் பாஸ், உள்ள போன்னு அனுப்பிடுவாங்க. அதுல சொல்றது எல்லாமே சரியான விஷயம்தான், ஆனா ஒரு மணி நேரத்துல யாருக்கும் மண்டைல ஏறாது. நான் ஹெல்பரா சேந்து, ஃபிட்டராகி, இப்ப சூப்பர்வைசரா இருக்கேன், 19 வருஷம் ஆச்சு. என்கிட்ட புதுசா வர்ற பசங்களுக்கு மொத நாள் டீ குடிக்கறப்ப என்ன சொல்வேனோ அத இங்க எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

ப்ளான்ட்டுக்குள்ள எனக்கு ரொம்ப பயமா இருக்கற வார்த்த "பண்ணியாச்சு". எல்சி (கரண்ட் கட் பண்ணியாச்சு, வேல செய்யலாம்னு தர்ற லைன் க்ளியர்) வாங்கியாச்சு, கேஸ் பாத்தாச்சு, வால்வ் அடைச்சாச்சு, சாரம் செக் பண்ணியாச்சு. சொல்றவர் பொய் சொல்றாருன்னு இல்ல, அவருக்கு இன்னொருத்தர் சொல்லிருப்பார், அந்த ஆளுக்கு வாக்கி டாக்கில வேற யாரோ சொல்லிருப்பாங்க, இப்படி நாலு வாய் மாறி வர்றதுக்குள்ள எங்கயோ ஒரு நம்பர் மாறிடும். எங்கிட்டயே அது நடந்துச்சு.

வேலைக்கு வந்து ரெண்டாவது வருஷம். நிலக்கரி கொண்டு போற கன்வேயர், பக்கத்து பக்கத்துல ஏ, பின்னு ரெண்டு பெல்ட். ஏ பெல்ட்ல டெயில் புல்லி, அதாவது பெல்ட் திரும்பற கடைசி உருள பக்கம் வேல. எல்சி வாங்கியாச்சுன்னு சொல்லிட்டாங்க. நான் என் 24-27 ஸ்பேனர கீழ் பெல்ட் மேல வச்சுட்டு, புல்லிகிட்ட மாட்டிருந்த கரி கட்டிய எடுக்க கைய உள்ள விடப்போனேன். எங்க டீம்ல பெரிய ஃபிட்டர் ஒரு அண்ணன், சட்ட காலர புடிச்சு பின்னாடி இழுத்துட்டாரு. "யாருடா ஸ்டார்ட் போட்டு பாத்தது"ன்னு கேட்டாரு. யாரும் பாக்கல. எல்லாரையும் தள்ளி நிக்க சொல்லிட்டு லோக்கல் பாக்ஸ்ல பச்ச பட்டன அமுக்குனாரு. பெல்ட் ஓட ஆரம்பிச்சிருச்சு. ஹூட்டர் கூட அடிக்கல. ஸ்பேனர் அப்படியே பெல்ட்டோட போய் புல்லிக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல பூந்துச்சு, ரப்பர் கிழியற சத்தம் கேட்டுச்சு, அவரு பெல்ட்ட அவசரமா நிறுத்தற கயிற இழுத்து நிறுத்துறதுக்குள்ள ரெண்டு அடி நீளத்துக்கு பெல்ட்ட கிழிச்சிருச்சு. என் கை இருந்திருக்க வேண்டிய எடம் அது. அப்புறம் போய் பாத்தா கரண்ட் கட் பண்ற ப்ரேக்கர் கழட்டி வச்சிருந்தது பி பெல்ட்டுக்கு. பேப்பர்ல ஏ, பேனல்ல பி. அன்னைக்கு ராத்திரி எனக்கு சாப்பாடு இறங்கல.

அதனால மொதல்ல எல்சியும் பூட்டும். மத்த எதையும் மறந்தாலும் இத மறக்காதீங்க.

எந்த மெஷின தொடப்போறீங்களோ அதோட நேம் ப்ளேட்ட நேர்ல போய் படிங்க, பெயிண்ட்ல எழுதிருக்க நம்பர முழுசா சத்தமா சொல்லுங்க, வேலைக்கு அனுமதி தர்ற பெர்மிட் பேப்பர்ல இருக்கறது அதேதானான்னு பாருங்க. அப்புறம் எலக்ட்ரீஷியன் கூட சுவிட்ச் கியர் ரூமுக்கே நடங்க. "நீ ஏன்பா வர்ற, நான் பாத்துக்கறேன்"னு சொல்வாரு, பரவால்ல சார் நானும் வர்றேன்னு போயிடுங்க. பேனல்லயும் அதே நம்பர் இருக்கணும், ப்ரேக்கர் ரேக் அவுட் ஆகி வெளிய வந்திருக்கணும், சின்ன மோட்டாரா இருந்தா ஐசோலேட்டர் ஆஃப் பண்ணி ஃப்யூஸ கழட்டிருக்கணும். அதுல உங்க பூட்டு ஒன்னு தொங்கணும். உங்க பூட்டுன்னா உங்க சாவி உங்க பாக்கெட்ல இருக்கற பூட்டு. அஞ்சு பேர் வேல செஞ்சா அஞ்சு பூட்டு, அதுக்குன்னு ஆறு ஓட்ட வச்ச இரும்பு கிளிப் இருக்கு, ஹாஸ்ப்னு சொல்வாங்க, கேட்டா ஸ்டோர்ல குடுப்பாங்க. பெரிய ஷட்டவுன்ல நூறு ப்ரேக்கர் இருக்கும்ங்கறதால சாவி எல்லாத்தையும் ஒரு பொட்டில போட்டு அந்த பொட்டிய ஆளாளுக்கு பூட்டற முறையும் இருக்கு, அதுவும் நல்ல முறதான், ஆனா அந்த பொட்டி மேல உங்க பூட்டு இருக்கணும். வெறும் டேக் மட்டும் கட்டிட்டு போறது பத்தாது. டேக் காத்துல அறுந்துடும், எண்ணெ பட்டு எழுத்து அழிஞ்சிடும், அவசரத்துல யாராவது அவுத்துடுவாங்க. டேக்ல உங்க பேரு, என்ன வேல, என்ன தேதி, எந்த காண்ட்ராக்டர்ன்னு எழுதி பூட்டோட சேத்து தொங்க விடுங்க.

கரண்ட் போனா மெஷின் செத்துருச்சுன்னு நெனைக்கறது தப்பு. கன்வேயர்லயே பாருங்க, பெல்ட்ட இழுத்து வைக்க டன் கணக்குல கவுண்டர் வெயிட் தொங்கிட்டு இருக்கும், மோட்டார் பூட்டியே இருந்தாலும் பெல்ட்ட அறுத்தீங்கன்னா அது இறங்கும், சரிவான பெல்ட்டா இருந்தா கரியோட சேந்து பின்னாடி உருளும். அதனால கவுண்டர் வெயிட்ட செயின் ப்ளாக்ல புடிச்சு கட்டாம பெல்ட் வேல ஆரம்பிக்கக்கூடாது. ஹைட்ராலிக் லைன்ல ப்ரஷர சேத்து வைக்கற அக்யூமுலேட்டர் இருந்தா பம்ப் நின்னு எத்தன மணி நேரம் ஆனாலும் ப்ரஷர் இருக்கும். கெப்பாசிட்டர் பேங்க், ஈஎஸ்பி (புகைல இருக்கற சாம்பல கரண்ட்ல புடிக்கற மெஷின்) ஃபீல்டு இதெல்லாம் எர்த் ராட் போட்டு டிஸ்சார்ஜ் பண்ணாம கிட்டயே போகாதீங்க. நீராவி லைன், ஆசிட் லைன், கேஸ் லைன்னா வால்வ அடைச்சா போதாது, எல்லா வால்வும் கொஞ்சமாச்சும் கசியும், நடுவுல பிளைண்ட், அதாவது ஓட்ட இல்லாத தகடு அடிக்கணும், உள்ள இருக்கறது வடியற ட்ரெயின் குழாய தொறந்து காலியாயிடுச்சான்னு கண்ணால பாக்கணும், ட்ரெயின் வழியா ஒன்னும் வரலன்னா காலின்னு முடிவு பண்ணாதீங்க, அது அடைச்சும் இருக்கலாம், ஒரு கம்பிய விட்டு குத்தி பாருங்க, அப்ப முகத்த நேரா வைக்காம ஒதுங்கி நில்லுங்க. ஃப்ளேன்ஜ் கழட்டறப்பவும் அதே மாதிரி, உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கற போல்ட்ட மொதல்ல லூஸ் பண்ணுங்க, உள்ள ஏதாவது இருந்தா அந்த பக்கம் அடிக்கும்.

கடைசியா அந்த அண்ணன் செஞ்சது. எல்லாரையும் தள்ளி நிக்க சொல்லிட்டு ஸ்டார்ட் பட்டன அமுக்கணும். ஓடலன்னா சரி, சுவிட்ச திரும்ப ஆஃப்ல வச்சுட்டு வேலைய ஆரம்பிங்க. சாப்பிட்டு வந்தா திரும்ப ஒரு தடவ, ஷிஃப்ட் மாறுனா திரும்ப ஒரு தடவ. ரெண்டு நிமிஷ வேல இது. இதுக்கு யாராவது முணுமுணுத்தா கண்டுக்காதீங்க.

ஷிஃப்ட் மாறுறதுன்னு சொன்னதும் 1988 ஜூலை 6 ஞாபகம் வருது. ஸ்காட்லாந்து பக்கம் வடகடல்ல பைப்பர் ஆல்ஃபான்னு ஒரு எண்ணெய் மேடை. பகல் ஷிஃப்ட்ல ஒரு பம்ப்போட சேஃப்டி வால்வ சர்வீஸுக்கு கழட்டிட்டு அந்த எடத்துல ஒரு மூடிய மாட்டி வச்சுட்டு போயிட்டாங்க, மூடி இறுக்கமா இல்ல. ராத்திரி ஷிஃப்ட்ல இன்னொரு பம்ப் நின்னு போச்சு, வால்வ் கழட்டின விஷயம் அவங்களுக்கு தெரியாது, இந்த பம்ப்ப ஓட விட்டாங்க. கேஸ் வெளிய வந்து பத்திக்கிச்சு. 167 பேர் செத்தாங்க. அந்த வேலைக்கு பெர்மிட் பேப்பர் எழுதாம இல்ல, எழுதிருந்தாங்க, பம்ப்ப ஓட்டுனவங்க கண்ணுல அது படல, அவ்வளவுதான். அதனால ஷிஃப்ட் முடியறப்ப பஸ்ஸ புடிக்க ஓடாதீங்க, அடுத்து வர்ற ஆள மெஷின் பக்கத்துக்கே கூட்டிட்டு போய், இத கழட்டிருக்கேன், இது பாக்கி, இந்த போல்ட் கைல மட்டும்தான் சுத்திருக்குன்னு விரல காட்டி சொல்லுங்க.

அடுத்து உள்ள இறங்கற வேல. டேங்க், பாய்லர், டக்ட், சம்ப், ஹாப்பர், மேன்ஹோல், ஆள் நுழையற ஓட்ட மட்டும் இருந்து காத்து ஓட்டம் இல்லாத எல்லா எடமும் இதுல சேத்தி. செப்டிக் டேங்க்ல ஒருத்தர் இறங்கி விழுந்து, அவர தூக்க ரெண்டாவது ஆள், அவர தூக்க மூனாவது ஆள்னு நம்ம ஊர்ல எத்தன தடவ பேப்பர்ல படிச்சிருக்கோம், ப்ளான்ட்லயும் அதே கததான் நடக்குது. கூட வேல செய்யறவன் கண்ணு முன்னாடி விழுந்தா நம்ம மனசு தாங்காது, உடனே குதிக்க தோணும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். குதிக்காதீங்க. அவன சாய்ச்ச காத்து உங்களையும் ரெண்டு மூச்சுல சாய்க்கும். வெளிய நின்னு கத்துங்க, ரெஸ்கியூ டீம கூப்பிடுங்க, அவன் போட்டிருக்க ஹார்னஸ்ல (உடம்புல மாட்டற வார்) கயிறு கட்டிருந்தா வெளிய இருந்தே மூனு கால் ட்ரைபாட்ல இழுங்க. அந்த கயிறு கட்டாம யாரையும் உள்ள விடக்கூடாதுங்கறது இதுக்குத்தான்.

கேஸ் மீட்டர்ல என்ன பாக்கணும்ங்கறது நீங்களும் தெரிஞ்சு வச்சுக்கோங்க, அளக்கறது சேஃப்டிக்காரர் வேலைன்னு விட்டுடாதீங்க. சாதாரண காத்துல ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்கு கீழ இருந்தா இறங்கக்கூடாது, 23.5-க்கு மேல இருந்தாலும் கூடாது, ஆக்சிஜன் அதிகமானா துணி, முடி எல்லாம் பொறி பட்டதும் குப்புன்னு பத்திக்கும். எரியற கேஸ் எல்இஎல், அதாவது காத்துல கலந்து பத்திக்கற குறைஞ்ச அளவுல, 10 சதவீதத்துக்கு கீழ இருக்கணும், வெல்டிங் பண்றதா இருந்தா ஜீரோதான் இருக்கணும்னு நிறைய ப்ளான்ட்ல வச்சிருக்காங்க. ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம் (பத்து லட்சத்துல பத்து பங்கு) தாண்டக்கூடாது. அழுகுன முட்ட வாசம் வரும்னு சொல்வாங்க, உண்மைதான், ஆனா 100 பிபிஎம் கிட்ட போனா மூக்கு மரத்து போய் வாசமே தெரியாது, அந்த அளவே உயிருக்கு ஆபத்தான அளவு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கெடையாது, ஸ்டீல் ப்ளான்ட்ல ப்ளாஸ்ட் ஃபர்னஸ் கேஸ் லைன் பக்கம் போறவங்க அந்த மீட்டர சட்டைலயே மாட்டிக்கணும்.

அளக்கறப்ப மேல, நடுவுல, அடியில மூனு எடத்துலயும் பாக்கணும். மீத்தேன் லேசு, மேல நிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கனம், அடியில தேங்கும். மேன்ஹோல் வாய்ல மீட்டர காட்டிட்டு ஓகே சொன்னா அது கணக்குல சேராது, ட்யூப விட்டு அடி வரைக்கும் உறிஞ்சி பாக்க சொல்லுங்க. காலைல பாத்த ரீடிங் மத்தியானத்துக்கு செல்லாது, சேறு கிளறுனா கேஸ் வரும், பெயிண்ட் அடிச்சா தின்னர் ஆவி வரும்.

வெல்டர் தம்பிங்களுக்கு தனியா ஒன்னு. பைப்புக்குள்ள ஆர்கான் பர்ஜ் போட்டு, அதாவது ஆர்கான் கேஸ நெரப்பி, டிக் வெல்டிங் பண்றீங்க இல்லையா, ஆர்கான் காத்த விட கனம், வாசம் இல்ல, நிறம் இல்ல, பைப்புக்குள்ளயும் வளைவுலயும் குழிலயும் போய் தண்ணி மாதிரி தேங்கி நிக்கும். ரூட் (வெல்டோட உள்பக்கம்) எப்படி வந்திருக்குன்னு பாக்க பெரிய பைப்புக்குள்ள தலைய விட்டவங்க அப்படியே சாஞ்சிருக்காங்க. நைட்ரஜன் காத்த விட கனமில்ல, ஆனா அதுவும் அதே மாதிரி ஆள சாய்க்கும். தலைய விடாதீங்க, கண்ணாடியோ கேமராவோ வச்சு பாருங்க. கேஸ் கட்டிங் பண்றவங்க டீ குடிக்க வெளிய வர்றப்ப டார்ச்சையும் ஹோஸையும் உள்ளயே போட்டுட்டு வராதீங்க, லேசா லீக் ஆனா போதும், திரும்பி போய் பத்த வைக்கறப்ப டேங்க் முழுக்க அசிட்டிலீன் நிக்கும். சிலிண்டர் எப்பவும் வெளியதான்.

உள்ள எடுத்துட்டு போற ஹேண்ட் லேம்ப் 24 வோல்ட்தான் இருக்கணும், இது 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே இருந்த விஷயம். இரும்பு டேங்க்குக்குள்ள வேர்வைல நனஞ்சு உக்காந்திருக்கப்ப 230 வோல்ட் வயர் ஒன்னு உரிஞ்சிருந்தா தப்பிக்க வழியே இல்ல. வெளிய ஒரு ஆள் எப்பவும் நிக்கணும், உள்ள எத்தன பேர்ன்னு நோட்ல எழுதணும், அவர ஸ்பேனர் எடுத்துட்டு வா, டீ வாங்கிட்டு வான்னு அனுப்பக்கூடாது. அந்த எடத்துல நிக்க வைக்கறதுக்கு புது ஹெல்பர்தான் கெடைப்பாரு, அது நீங்களா இருந்தா நகராதீங்க, யார் திட்டுனாலும் சரி.

பாய்லர் ஆளுங்களுக்கு சாம்பல பத்தி ரெண்டு வார்த்த. ஈஎஸ்பி ஹாப்பர்ல இருக்க பறக்கும் சாம்பல் வெளிய பாத்தா ஆறுன மாவு மாதிரி இருக்கும், உள்ள நாள் கணக்குல சூடு நிக்கும். அடைச்சிருக்குன்னு கீழ இருந்து மூடிய தொறந்து கம்பிய விட்டு குத்துவாங்க, அடைப்பு விட்டதும் அது தண்ணி மாதிரி ஓடி வந்து ஆள மூடிடும், இடுப்பு வரைக்கும் வெந்து போனவர நான் பாத்திருக்கேன். ஓரமா நின்னு, பின்னாடி ஓட வழி வச்சுக்கிட்டு, மூடிய முழுசா தொறக்காம கொஞ்சம் கொஞ்சமா விடணும், தண்ணி ஊத்தவே கூடாது. பாய்லர் அடியில இறங்கறதுக்கு முன்னாடி மேல சுவர்ல க்ளிங்கர் ஒட்டிட்டு இருக்கான்னு பாக்கணும், கல்லு மாதிரி பெரிய கட்டி, ஆறுனப்புறம் தானா விழும். ஓடற பாய்லர்ல க்ளிங்கர் அடைப்பு எடுக்கறது இன்னும் மோசம், 2017 நவம்பர் 1 உத்தரப் பிரதேசத்துல உஞ்சாஹார்ல 500 மெகாவாட் யூனிட் பாய்லர்ல அடியில சாம்பல் கட்டி சேந்து வெடிச்சு நாப்பது பேருக்கு மேல போனாங்க. 2020-ல நம்ம நெய்வேலிலயே மே மாசம் ஒரு தடவ, ஜூலை 1-ம் தேதி ஒரு தடவன்னு ரெண்டு பாய்லர் விபத்து. நிக்கற யூனிட்ல மட்டும்தான் ஆபத்தான வேல நடக்கும்னு இல்ல, ஓடற யூனிட் பக்கத்துல தேவையில்லாம நிக்காதீங்க, நெழலா இருக்குன்னு அங்க உக்காந்து சாப்பிடாதீங்க.

உயரத்துல ஏர்றது. ஹார்னஸ் போடறது எல்லாருக்கும் தெரியும், மாட்டறதுதான் விட்டு போகுது. ரெண்டு கொக்கி இருக்கறது எதுக்குன்னா ஒன்ன கழட்டறப்ப இன்னொன்னு மாட்டிருக்கணும், நடக்கறப்பவும் அப்படித்தான். தலைக்கு மேல மாட்டுங்க, கால்கிட்ட மாட்டுனா விழற தூரம் கூடிடும். 1.8 மீட்டர் கயிறு, ஷாக் அப்சார்பர் பிரிஞ்சா ஒரு மீட்டர், உங்க உயரம், கீழ கொஞ்சம் இடைவெளி, எல்லாம் சேத்தா கொக்கி மாட்டுன எடத்துல இருந்து கீழ கிட்டத்தட்ட 6 மீட்டர் காலியா இருக்கணும். அதுக்கு கம்மியான உயரத்துல வேலன்னா அந்த கயிறு நீங்க தரைல அடிச்சதுக்கு அப்புறம்தான் புடிக்கும், அங்க தானா சுருங்கற ப்ளாக் கேளுங்க. கேபிள் ட்ரே, ஹேண்ட் ரெயில், சின்ன பைப்லைன் இதுலல்லாம் கொக்கி மாட்டாதீங்க. ஒருத்தர் விழுந்து தொங்குனா உயிர் தப்பிச்சாருன்னு விட்றாதீங்க, தொடை வார்ல ரத்த ஓட்டம் நின்னு கொஞ்ச நேரத்துல மயங்கிடுவாரு, சீக்கிரம் இறக்கணும், எப்படி இறக்கறதுன்னு ஏர்றதுக்கு முன்னாடியே பேசி வச்சிருக்கணும்.

சாரத்துல பச்ச டேக் (செக் பண்ணதுக்கு அடையாளம்) தொங்குதான்னு பாத்துட்டு ஏறுங்க, தேதியும் பாருங்க, நேத்து மழ பேஞ்சிருந்தா பச்ச டேக் இருந்தாலும் திரும்ப பாக்க சொல்லுங்க. பலக கட்டிருக்கா, நடுக்கம்பி, மேல்கம்பி, கால்கிட்ட டோ போர்டு இருக்கான்னு நீங்களே கையால ஆட்டி பாருங்க. ஆனா சாரத்த விட அதிகமா என்ன பயமுறுத்தறது தரைல இருக்கற ஓட்ட. பைப் இறக்க தரைல போட்டிருக்க இரும்பு க்ரேட்டிங் (கம்பி சட்டம்) ஒன்ன கழட்டுவாங்க, விழக்கூடாதுன்னு ஒரு ப்ளைவுட்ட மேல போட்டு வைப்பாங்க, அடுத்த ஷிஃப்ட்ல வர்றவருக்கு அது சும்மா கெடக்கற பலகையா தெரியும், எடுத்து ஓரமா வைக்கலாம்னு ரெண்டு கையாலயும் தூக்கிட்டு ஒரு அடி முன்னால வைப்பாரு, பலக கண்ண மறைக்கும், நேரா கீழ. க்ரேட்டிங் கழட்டுனா சுத்தி கம்பி கட்டி தடுக்கணும், பலக போட்டா ஆணியோ கம்பியோ வச்சு கட்டி மேல பெயிண்ட்ல "கீழ குழி"ன்னு எழுதணும், தமிழ்லயும் ஹிந்திலயும். கீழ கெடக்கற எந்த பலகையையும் தகரத்தையும் தூக்கறதுக்கு முன்னாடி காலால லேசா தள்ளி அடியில என்ன இருக்குன்னு பாருங்க.

லோடு தூக்கறதுல ரிக்கர் அண்ணன்மாருக்கு நான் சொல்லி தர ஒன்னுமில்ல, அவங்க கைல இருக்கற அறிவு பெருசு, புதுசா வர்றவங்களுக்கு மட்டும் சொல்றேன். 2 டன் சரக்க ரெண்டு ஸ்லிங்ல (சரக்க கட்டி தூக்கற கயிறு) தூக்கறோம்னா ஆளுக்கு ஒரு டன்னுன்னு நெனைப்போம். ஸ்லிங் தரைக்கு 60 டிகிரில நின்னா ஒவ்வொன்னுலயும் 1.15 டன் வரும், 30 டிகிரிக்கு படுத்துருச்சுன்னா ஒவ்வொரு ஸ்லிங்லயும் முழுசா 2 டன் வரும். ஸ்லிங் பத்தலன்னு படுக்க வச்சு கட்டறப்ப அது அறுந்து போறது இதனாலதான். நீளமான ஸ்லிங் எடுத்துட்டு வாங்க. ஸ்லிங், ஷேக்கிள், செயின் ப்ளாக் எதுலயும் டெஸ்ட் நம்பரும், எவ்வளவு எடை தூக்கலாம்ங்கற எஸ்டபிள்யூஎல்லும் குத்திருக்கும், இல்லன்னா எடுக்காதீங்க. அப்புறம் ஹைட்ரா, சரக்க தூக்கிட்டே நகர்ற க்ரேன் வண்டி. சரக்கு ஆடாம இருக்க கையால புடிச்சுக்கிட்டே வண்டி முன்னாடி நடப்பாங்க, கால் தடுக்கி விழுந்தா முன் சக்கரம் ஏறிடும், ட்ரைவருக்கு சரக்கு மறச்சு ஒன்னும் தெரியாது. நீளமா கயிறு கட்டி தள்ளி நின்னு புடிங்க, வண்டிக்கும் சரக்குக்கும் நடுவுல போகவே போகாதீங்க.

வெல்டிங், கட்டிங் வேலைல பொறி 11 மீட்டர் வரைக்கும் போகும்னு கணக்கு, மேல இருந்தா இன்னும் தூரம். ஃபயர் ப்ளாங்கெட், கீழ ஒரு ஆள், எக்ஸ்டிங்குஷர். வேல முடிஞ்சு அர மணி நேரமாவது அந்த ஆள் அங்கயே நிக்கணும், ஒரு மணி நேரம் கேக்கற ப்ளான்ட்டும் இருக்கு. ஆக்சிஜன் ரெகுலேட்டர எண்ணெ கையோட தொடாதீங்க. சிலிண்டர படுக்க போடாம செயின்ல கட்டி நிறுத்துங்க.

ஹெல்மெட்டுக்கு தாடை வார் போடுங்க, குனிஞ்சா விழற ஹெல்மெட் இருந்தும் பிரயோஜனமில்ல. பாலியஸ்டர் சட்ட வேண்டாம், பொறி பட்டா உருகி தோல்ல ஒட்டும், காட்டன் போடுங்க. மோதிரம், கழுத்து செயின், கைல கட்டுன கயிறு எல்லாம் ரூம்லயே வச்சுட்டு வாங்க, சாமி கயிறா இருந்தா கழட்டி பர்ஸ்ல பத்திரமா வச்சுக்கோங்க. சுத்தற ட்ரில் மெஷின்ல துணி க்ளவுஸ் போடக்கூடாது, இழுத்துரும்.

இப்ப இன்னொரு முக்கியமான விஷயம். இன்னைக்கு எந்த சைட்டுக்கு போனாலும் உங்க டீம்ல பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா பசங்க பாதி பேர் இருப்பாங்க. காலைல வேலைக்கு முன்னாடி பேசற சேஃப்டி பேச்ச (டூல் பாக்ஸ் டாக்) தமிழ்ல மட்டும் பேசுனா அவங்க தலைய ஆட்டிட்டு நிப்பாங்க, ஒன்னும் புரிஞ்சிருக்காது. நீங்க வடக்க போனா உங்க நெலமையும் அதேதான். ருக்கோன்னா நில்லு, நீச்சே ஆவோன்னா கீழ வா, பாஹர் நிக்லோன்னா வெளிய போ, ஹாத் மத் லகாவோன்னா தொடாத. இந்த நாலையும் நீங்க கத்துக்கோங்க, நில்லு, வா, போ, தொடாத இந்த நாலையும் அவங்களுக்கு கத்து குடுங்க. அவசரத்துல வாய்ல வர்றது அவங்கவங்க தாய்மொழிதான், அது அடுத்தவனுக்கும் புரியணும்.

வேல நேரம். நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48, அதுக்கு மேல செஞ்சா ரெட்ட சம்பளம்னு 1948 சட்டம் சொல்லுச்சு, 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புது தொழிலாளர் கோட்ல நாளைக்கு 8 மணி நேரம். ஷட்டவுன்ல 16 மணி நேரம் நிக்க சொல்வாங்க, காசுக்காக நாமளும் நிப்போம், வீட்டு கஷ்டம் அப்படி, எனக்கு தெரியும். ஆனா தொடர்ந்து ரெண்டாவது ஷிஃப்ட் நிக்கறப்ப உயரத்து வேலையும் உள்ள இறங்கற வேலையும் எடுத்துக்காதீங்க, கீழ இருக்கற வேலையா கேட்டு வாங்குங்க. சித்திர வெயில்ல பாய்லர் பக்கம் வேலன்னா தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணி குடிங்க, உப்பு போட்ட மோரோ ஓஆர்எஸ்ஸோ நடு நடுவுல. வேர்க்கறது நின்னுட்டு ஒருத்தர் ஒளற ஆரம்பிச்சா உடனே நெழல்ல படுக்க வச்சு உடம்பு முழுக்க தண்ணி ஊத்தி ஆம்புலன்ஸ கூப்பிடுங்க.

பயமா இருக்கு, இந்த வேல சரியில்லன்னு தோணுனா சொல்றதுக்கு உங்களுக்கு உரிம இருக்கு. அபாயம் வரப்போகுதுன்னு தெரிஞ்சா சூப்பர்வைசர்கிட்டயோ பொறுப்புல இருக்கவர்கிட்டயோ சொல்லலாம், அவங்க உடனே நடவடிக்க எடுக்கணும்ங்கறது 1948 சட்டத்துல 41ஹெச் பிரிவா இருந்துச்சு, 2020-ல கொண்டு வந்து இப்ப அமல்ல இருக்கற புது கோட்லயும் அந்த உரிம இருக்கு. சண்ட போடற மாதிரி வேண்டாம். "சார், ஸ்டார்ட் போட்டு பாத்துட்டு ஆரம்பிக்கலாம் சார், ரெண்டு நிமிஷம்"னு கேளுங்க, பத்துல ஒம்போது பேர் சரின்னுடுவாங்க. பத்தாவது ஆள்கிட்ட, நீங்க மொதல்ல வந்து கைய வைங்க சார்னு சொல்ற தைரியம் வேணும், தனியா வரலன்னா டீமா நின்னு சொல்லுங்க.

கேட் பாஸ் வாங்கறப்பவே ஈஎஸ்ஐ நம்பர் கேட்டு போன்ல போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க. மாச சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்தா ஈஎஸ்ஐ வரும், வேலைல அடிபட்டா மொத நாள் வேலையா இருந்தாலும் உண்டு, குணமாகற வரைக்கும் சம்பளத்துல 90 சதவீதம் கெடைக்கும். சின்ன அடியா இருந்தாலும் ஃபர்ஸ்ட் எயிட் ரிஜிஸ்டர்ல எழுத சொல்லுங்க. நான் வேல செஞ்ச ஒரு எடத்துல ஒரு பையனுக்கு ரெண்டு விரல் போச்சு, ரூம்ல கதவுல நசுங்குச்சுன்னு ஆஸ்பத்திரில சொல்ல வச்சுட்டாங்க, செலவ பாத்துக்கறோம்னு சொன்னவங்க ரெண்டு மாசத்துல போன் எடுக்கறத நிறுத்திட்டாங்க. அந்த பையன் கைல ஒரு பேப்பரும் இல்ல. எங்க அடிபட்டுச்சோ அத அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

வேல முடிஞ்சு பெர்மிட் க்ளோஸ் பண்றப்ப ஆளுங்கள எண்ணுங்க, அப்புறம் டூல்ஸ எண்ணுங்க, உள்ள விட்ட ஸ்பேனர் ஒன்னு ஃபேனையே உடைக்கும். சுத்தற பாகத்த மூடற கார்டு (தடுப்பு மூடி) கழட்டுனது எல்லாத்தையும் போல்ட் போட்டு மாட்டுங்க, ரெண்டு போல்ட் போதும்னு விடாதீங்க. உங்க பூட்ட நீங்களே போய் எடுங்க, இன்னொருத்தர் சாவிய குடுத்து எடுத்துட்டு வான்னா முடியாதுன்னு சொல்லுங்க. எடுத்துட்டு கையெழுத்து போடுங்க. பஸ் ஏர்றதுக்கு முன்னாடி பாக்கெட்ட ஒரு தடவ தொட்டு பாருங்க, சாவி இருந்து அந்த பூட்டு இன்னும் பேனல்ல தொங்கிட்டு இருந்தா எந்த நேரமா இருந்தாலும் கேட்டுக்கு போன் போட்டு சொல்லிட்டு திரும்பி போயிடுங்க.